'ஒண்ணுமில்ல' மச்சான்

எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் ஒரு முறை பாம்பு புகுந்துவிட்டது. அதை முதலில் பார்த்தவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். கதவை மெல்லச் சாத்தி, வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல மாப்ள. அங்கிட்டு யாரும் குளிக்கப் போகாதீங்க."

நான் தோளில் துண்டும் கையில் சோப்புப் பெட்டியுமாக நின்றுகொண்டிருந்தேன். "ஏன் மச்சான், தண்ணி வரலையா?"

"தண்ணியெல்லாம் நல்லா வருது."

"பின்ன?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல. கொஞ்ச நேரத்துல அதுவே போயிரும்."

"எது போயிரும்?"

அவர் பேப்பரை மடித்தார். நான் விடமாட்டேன் என்பது தெரிந்துவிட்டது. "சாரையாத்தான் இருக்கும் மாப்ள" என்றார்.

மனிதர்களை விவரிக்க எனக்கு எப்போதும் ஒரு பக்கமாவது வேண்டும். இவருக்கு ஒரு சொல் போதும். அதையும் அவரே நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்ததால் எனக்கு வேலை மிச்சம். காய்ச்சலா, ஒண்ணுமில்ல. வண்டி பிரேக் பிடிக்கவில்லையா, ஒண்ணுமில்ல. மாடித் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டு, சமையலறைச் சுவரில் ஆப்பிரிக்கா வரைபடம் போல ஈரம் பரவியபோது, அதன் கீழேயே நின்று டீ குடித்துக்கொண்டு, "இது ஒண்ணுமில்ல மாப்ள, வெயிலு வந்தா காஞ்சிரும்" என்றார். வெயில் வந்தது. ஆப்பிரிக்கா காயவில்லை. பக்கத்தில் ஆஸ்திரேலியாவும் வந்தது.

இப்போது அவர் எங்களோடு இல்லை. உடனே உச்சுக்கொட்டிவிட வேண்டாம். குன்றாண்டார்கோவில் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கி ஆடு வளர்க்கப் போய்விட்டார். ஆடுகளிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். ஆடுகள் நம்பும். நான் சொல்ல வருவது அவர் எங்களோடு புதுக்கோட்டையில் இருந்த காலத்தை. என் மகளுக்கு நான்கு வயது. அவளுடைய வயிறு, என்னுடைய முன்னேற்பாடுகள், அவருடைய அந்த ஒற்றைச் சொல் ஆகிய மூன்றும் ஒரே வீட்டில் குடியிருந்த காலம்.

மச்சான் இளமை முழுவதையும் வளைகுடாவில் கட்டட வேலையில் கழித்தவர். வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டுக்கு போன் செய்வாராம். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "நல்லாருக்கேன், ஒண்ணுமில்ல." சாப்பாடு எப்படி, "நல்லாருக்கு, ஒண்ணுமில்ல." ஒரு வெள்ளிக்கிழமை அவர் பேசும்போது பின்னால் கீச் கீச்சென்று சீராக ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது. "அது என்னண்ணே சத்தம்?" என்று என் மனைவி கேட்டாள். "ஏசித்தா, பழசு" என்றார். ஊர் திரும்பியபின் ஒரு நாள் வேட்டியை மடித்துக் கட்டியபோதுதான் பார்த்தோம். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தையல். பேண்ட்டில் இருக்க வேண்டிய ஜிப்பைக் காலில் வைத்துத் தைத்தது போல இருந்தது. அந்தப் பழைய ஏசி எந்த ஆஸ்பத்திரியில் ஓடியது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. "லேசா ஒரு கம்பி பட்டுச்சு" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதையும் பிடுங்க முடியவில்லை.

எனக்குப் புரியாமல் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் படுத்துக்கிடப்பவன் உண்மையைச் சொன்னால் இந்தப் பக்கம் இருப்பவர்கள் என்ன செய்துவிட முடியும்? சோறு இறங்காமல் கிடப்பார்கள். அதற்கு 'ஒண்ணுமில்ல' என்று சொல்லிவிடலாம். ஆனால் நான் பக்கத்து அறையில்தானே ஐயா இருக்கிறேன்! கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருப்பவனுக்கு எதற்கு வெளிநாட்டு போன் மரியாதை?

என் மனைவி அரிமளத்தில் ஆசிரியை. எனக்குக் கந்தர்வக்கோட்டையில் ஒரு கடன் சங்கத்தில் எழுத்தர் வேலை. காலையில் அவள் தெற்கே போவாள், நான் வடக்கே போவேன். நடுவில், புதுக்கோட்டையில், எங்கள் மகளை மச்சான் பார்த்துக்கொள்வார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றிக் கேட்டாலும் அந்தச் சொல்தான்.

எனக்குக் குழந்தை பிறந்தது, மற்றவர்கள் கண்ணாடியில் படிக்கத் தனி வில்லை போட்டுக்கொள்ளும் வயதில். தாமதமாகக் கிடைத்ததால் பயம் அதிகம். பயந்தவன் படிப்பான். நான் நிறையப் படித்தேன். மச்சான் ஒன்றும் படிக்கவில்லை. ஆனால் அவள் காதுகுத்தில் அழுகையை நிறுத்தியது அவர் மடி. அவள் சாப்பிடுவது அவர் பிசைந்து கொடுத்தால்தான். அவர் பின்னிவிடும் இரட்டைச் சடையோ, புருவம் மேலே ஏறிக் குழந்தை நாள் முழுக்க ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருக்கும் அளவுக்கு இறுக்கம். அதையும் அவரைத் தவிர வேறு யாரும் போட அவள் விடமாட்டாள்.

அவளுக்கு முதல் முறை வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தபோது மச்சான் வந்து சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. "சூடு மாப்ள. ஒண்ணுமில்ல, நன்னாரி சர்பத் குடுத்தா அடங்கிரும்" என்றார். அவர் சொன்ன விதம் அவ்வளவு இதமாக இருந்ததால் நாங்களும் அடங்கினோம். குழந்தை அடங்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "ரொம்ப லேட்டாக்கிட்டீங்களே" என்றார் டாக்டர். அந்தச் சின்னக் கையில் ஊசியைச் சொருகிப் பாட்டில் ஏற்றினார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "தாத்தா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் நர்ஸ். மனைவி சிரித்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த வார்டில் மச்சானுக்கு இருந்த செல்வாக்கைச் சொல்ல வேண்டும். நான் பக்கத்துக் கட்டில் பெண்ணிடம், உடம்பில் நீர் வற்றினால் என்னென்ன ஆகும் என்று பொறுப்பாக விளக்கினேன். அவள் ஓவென்று அழுதாள். மச்சான் போய், "ஒண்ணுமில்லத்தா. புள்ளை நாளைக்கே ஓடும் பாரு. நீ ரெண்டு இட்லியத் தின்னு மொதல்ல" என்றார். அவள் தின்றாள். பிள்ளையும் மறுநாள் ஓடிற்று. எதிர்க் கட்டில்காரர்கள் அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தங்கள் பிள்ளைகளைக் காட்டினார்கள். சரியானதைச் சொன்ன என்னைக் கண்டால் போர்வையை இழுத்து மூடினார்கள்.

வீடு திரும்பியதும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி இந்த வீடு தயாராக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைக் கூட்டி உட்காரவைத்தேன். குடும்பம் என்றால் மனைவி, மச்சான், மச்சான் மடியில் தூங்கும் குழந்தை. குழந்தைக்கு எப்படி வயிற்றுநோய் வருகிறது, கையை எப்போதெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், போக்கு வரும்போது தண்ணீரை நிறுத்தக் கூடாது, கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், உப்புச் சர்க்கரைப் பொடியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும், டம்ளரில் கலக்கக் கூடாது என்று நான் பேசிக்கொண்டே போனேன்.

"இது வீடா, ஒங்க சங்கமா?" என்றாள் மனைவி. "தீர்மானம் போட்டுட்டு டீ குடுப்பீங்களா?"

"சொல்லட்டும்த்தா" என்றார் மச்சான். "படிச்சிருக்காருல்ல."

அந்த 'படிச்சிருக்காருல்ல'வில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று பிரித்தெடுக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

அடுத்தது ஆஸ்பத்திரிப் பை. திடீரென்று கிளம்ப வேண்டி வந்தால் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. நல்ல திடமான பை ஒன்று வாங்கி, மாற்று உடை, துண்டு, போர்வை, கரண்டி, பிளாஸ்க், போன் சார்ஜர், அவளுடைய துணி யானை, உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் எல்லாம் வைத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். "எப்பப் பாத்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரியே இருக்கு, எனக்குப் புடிக்கல" என்றாள் மனைவி. மச்சான் பையைத் தூக்கிப் பார்த்து, "நல்ல பை மாப்ள" என்றார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சில நாட்களில் பொட்டலங்கள் குறைந்தன. கேட்டேன்.

"ஆரஞ்சு ஜூஸ்தானே மாப்ள அது? வெயிலுக்கு நல்லாருந்துச்சு. கொஞ்சம் உப்பு தூக்கல்."

"அது மருந்து மச்சான்!"

"அதான் ஒண்ணும் பண்ணல."

திரும்ப வாங்கி வைத்தேன். அடுத்து துண்டு போனது. அது அவர் தலையில் கட்டியிருந்தது. பிளாஸ்க் டீக்கடைக்குப் போய்வந்துகொண்டிருந்தது. நான் நிரப்புவதும் அவர் காலி செய்வதுமாக, அந்தப் பை எங்கள் வீட்டு மளிகைச் சாமான் டப்பா மாதிரி ஆகிவிட்டது.

பிறகு ஒரு நாள் குழந்தைக்கு லேசாக வாந்தி. நான் துள்ளி எழுந்து, இத்தனை நாள் காத்திருந்த அந்தப் பையைத் தோளில் மாட்டி, அவளைத் தூக்கிக்கொண்டு தெருமுனை டாக்டரம்மாவிடம் ஓடினேன். "கொஞ்சம் தண்ணி குடுத்துப் பாப்போம், கரண்டி இருக்கா?" என்று கேட்டார் அவர். 'இருக்கா'வாவது! கம்பீரமாகப் பையைத் திறந்து அவர் மேஜைமேல் கொட்டினேன். ஒரு தேங்காய் உருண்டது. பின்னாலேயே வெற்றிலை, பாக்கு, ஒரு மஞ்சள் பை. மச்சான் முந்தின நாள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பை நன்றாக இருக்கிறதே என்று எடுத்துப் போயிருந்தார். உள்ளே இருந்ததையெல்லாம் பீரோவில் வைத்துவிட்டுத்தான் போனார். அந்த அளவுக்குப் பொறுப்பானவர்.

டாக்டரம்மா தேங்காயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நான் தட்சணையெல்லாம் வாங்குறதில்லைங்க" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. மச்சான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். திட்டினால் அவர் நல்ல பிள்ளை போலக் கேட்டுக்கொள்வார். அதனாலேயே திட்டுகிறவனுக்கு இளைக்கும். இளைத்துப்போய் நான் என் தீர்மானங்களையெல்லாம் கைவிட்டேன். இந்த மனிதருக்கு நாலு விஷயம் சொன்னால் நாலும் நிற்காது. ஒன்றே ஒன்றைச் சொல்வோம்.

"மச்சான், இனிமே நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். வாந்தி போகட்டும், வயித்தால போகட்டும், நீங்க பாட்டுக்குத் தண்ணி குடுத்துக்கிட்டே இருங்க. ஆனா புள்ளை ஒண்ணுக்குப் போறாளான்னு மட்டும் பாருங்க. ரொம்ப நேரமா ஒண்ணுக்குப் போகலைன்னா ஒடம்புல தண்ணி இல்லைன்னு அர்த்தம். அந்த நிமிஷமே எனக்கு போன் பண்ணணும். மத்ததை நான் பாத்துக்கிறேன். நீங்களா எதுவும் செய்யாதீங்க. சொல்லுங்க பாப்போம்?"

"ஒண்ணுக்குப் போகலைன்னா ஒங்களுக்கு போன்."

"வேற?"

"நானா எதுவும் செய்யக் கூடாது."

"அவ்வளவுதான்."

"இதுல என்ன மாப்ள இருக்கு, ஒண்ணுமில்ல" என்றார்.

அந்தச் சித்திரையில் ஒரு நாள் காலையில் குழந்தைக்கு இளகிப் போனது. ஆனால் விளையாடிக்கொண்டிருந்தாள். மனைவிக்குத் தேர்வுப் பணி. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எனக்குச் சங்கத்தில் பயிர்க்கடன் கூட்டம். "நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார் மச்சான். கரண்டியையும் கலக்கி வைத்த தண்ணீரையும் அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மதியம் சங்கத்தில் தலைகளுக்கு மேல் தலை. எதிர் மண்டபத்தில் யார் வீட்டுக் காதுகுத்தோ, ஒலிபெருக்கி என் மேஜையைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். அப்போது போன் வந்தது. மச்சான்.

"மாப்ள… புள்ளைக்கு… ஒண்ணு…ல்ல மாப்ள."

"என்ன மச்சான்?"

"ஒண்ணு…ல்ல மாப்ள!"

"சரி மச்சான், சரி. வந்து பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். பரவாயில்லையே, ஒன்றுமில்லை என்று போன் செய்து சொல்கிற அளவுக்கு மனிதருக்கு அக்கறை வந்துவிட்டதே என்று கொஞ்சம் நெகிழ்ந்தும் போனேன்.

டீ வந்தது. ஒரு வாய் குடித்தேன். இரண்டாவது வாய் இறங்கவில்லை. இந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு தடவைகூடத் தானாகப் போன் செய்ததில்லை. பாம்பு வந்தபோதே பேப்பர் படித்தவர். ஒன்றுமில்லாததற்கா போன் செய்வார்? அவர் சொன்னதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பிறகு வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். "ஒண்ணுமில்ல… ஒண்ணு… ஒண்ணுக்கில்ல…"

கவுண்டருக்கு அந்தப் பக்கம் மனுவோடு நின்ற ஒரு விவசாயி அனுதாபத்துடன் குனிந்தார். "ஒண்ணுக்கா சார்? பின்னாடி இருக்கே. போன தடவை நீங்கதானே எனக்கே காட்டுனீங்க."

புள்ளைக்கு ஒண்ணுக்கு இல்ல மாப்ள. ஒரே ஓர் எழுத்து. வாழ்நாள் முழுவதும் ஒன்றுமில்லை என்று சொல்லியே வந்த மனிதர், முதல் முறையாக ஒன்று இருக்கிறது என்று சொல்லப் போன் செய்திருக்கிறார். அதைச் சொல்லவும் இந்தத் தமிழில் அவருக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை!

திரும்ப அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மனைவியின் போன் அணைந்து கிடந்தது. வண்டியை எடுத்தேன். முந்திரிக்காட்டுப் பாதை அன்று நீண்டுகொண்டே போனது. மச்சானைத் திட்டுவதற்கு வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் பயம் வந்து எல்லா வாக்கியங்களையும் கலைத்துவிட்டது. எப்படியும் அவர் ஆட்டோ பிடித்து இந்நேரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார், வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கேதான் போக வேண்டும் என்று நினைத்தேன். எதற்கும் வீட்டு வழியாகப் போனேன்.

வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, பையைத் தோளில் மாட்டி, குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவர் போல. அவள் கண்கள் உள்ளே போயிருந்தன. என்னைப் பார்த்தாள், கை நீட்டவில்லை.

"இன்னும் ஏன் இங்க இருக்கீங்க? ஆட்டோ புடிச்சுப் போக வேண்டியதுதானே?"

"போன்ல சொன்னேனே மாப்ள. நீங்க சரின்னீங்க."

"காதுல சரியா விழல! திரும்ப அடிச்சேனே, எடுக்கக் கூடாதா?"

"வீட்டைப் பூட்டிட்டேன். போனு உள்ள சார்ஜுல கெடக்கு."

"அதுக்காக இப்படியேவா உக்காந்திருப்பீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானே மாப்ள சொன்னீங்க… நானா எதுவும் செய்யக் கூடாதுன்னு."

அந்த வீட்டில் நான் சொன்ன நூறு விஷயங்களில் ஒன்றைத்தான் அவர் அப்படியே கடைப்பிடித்தார். அதைத் தேர்ந்தெடுத்துக் கடைப்பிடித்தாரே என்று வந்த ஆத்திரத்தில், வண்டியைவிட்டு இறங்காமலே, "ஏறுங்க" என்று கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஓர் இளம்பெண். குழந்தையின் வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டார். அது உடனே பழைய நிலைக்கு வரவில்லை. மடிப்பாகவே சற்று நின்றது. "எத்தனை தடவை போச்சு? யூரின் கடைசியா எப்ப போனா?"

கூடவே இருந்தவர் மச்சான். அவருக்குத்தான் தெரியும். நான் அவரைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார். "ஒண்ணுமில்லைங்க டாக்டர், லேசா…"

"மச்சான்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். எப்போது போனது, என்ன நிறத்தில் போனது, கரண்டி கரண்டியாகக் கொடுத்தது எப்படி அப்படியே வெளியே வந்தது, விடிந்தபோது ஒண்ணுக்குப் போனவள் அதற்கப்புறம் போகவே இல்லை, பதினோரு மணிக்கு மேல் பேச்சுக் குறைந்துவிட்டது, மாமா என்றுகூடக் கூப்பிடவில்லை. ஒரு தடவைகூட அந்தச் சொல்லைச் சேர்க்கவில்லை. இவ்வளவு தெரிந்த மனிதரா இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை?

நரம்பு கிடைக்கவில்லை. ஒரு கையில் குத்தினார்கள், பிறகு மறுகையில். அவள் முகத்தைச் சுளித்து அழுதாள். வாய் அழுதது, கண் காய்ந்து கிடந்தது. "பாருங்க, கண்ணுல தண்ணியே வரல" என்றார் டாக்டர் நர்ஸிடம். எங்களுக்குச் சொல்லவில்லை, ஆனால் எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. கடைசியில் நரம்பு கிடைத்துப் பாட்டில் ஓட ஆரம்பித்தது.

"இப்ப எதுவும் சொல்ல முடியாது. ஏறட்டும், பாப்போம். அழும்போது கண்ணுல தண்ணி வருதா, யூரின் போறாளான்னு பாத்துக்கிட்டே இருங்க. கூட ஒரு ஆளு போதும், இன்னொருத்தர் வெளிய இருங்க."

நான் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். "மாமா" என்றாள். பெற்றவன், படித்தவன், பை வாங்கியவன், வெளியே போய் உட்கார்ந்தேன்.

வராந்தாவில் உட்கார்ந்து அவர்மேல் இருந்த கோபத்தையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டேன். இந்தப் பிள்ளை எழுந்து உட்காரட்டும், இந்த மனிதரைப் பெட்டி கட்டச் சொல்லிவிட வேண்டும். பிறகு, பிள்ளை எழுந்து உட்காரட்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மனைவியின் போன் இன்னும் அணைந்தே இருந்தது. அது திறந்தால் என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

வெயில் சாய ஆரம்பித்தபோது வார்டுக் கதவு படாரென்று திறந்தது. மச்சான் செருப்பில்லாமல் ஓடிவந்தார். முகம் முழுக்க வேர்வை.

"மாப்ள! அழுவுறா மாப்ள!"

நான் எழுந்துவிட்டேன். "என்னாச்சு?"

"மிச்சர் வேணும்னு கேட்டா. கெடையாது போடின்னேன். அழுவுறா! வாங்க, வந்து பாருங்க!"

இந்த மனிதர் அவளுக்கு எதையுமே இல்லையென்று சொன்னதில்லை. அவள் முகம் கோணினால் கடைக்கு ஓடுகிறவர். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஒரு ஆள்தான் இருக்க வேண்டும் என்று வாசலில் யாரோ சொன்னது இருவர் காதிலும் ஏறவில்லை.

அவள் கட்டிலில் படுத்தபடி, மாமாவைப் பார்த்துத் தேம்பிக்கொண்டிருந்தாள். கண்ணோரத்தில் நீர் திரண்டு, நின்று, வழிந்து காதுக்குள் இறங்கியது. பின்னாலேயே இன்னொரு சொட்டு. நாங்கள் இருவரும் குனிந்து, ஒருவர் தலை மற்றவர் தலையில் இடிக்க, அதையே பார்த்தோம்.

பக்கத்துக் கட்டில் பெண் தன் அம்மாவிடம் சொன்னாள்: "இங்க பாரேன், புள்ளை அந்தத் தேம்பு தேம்புது. ரெண்டு ஆம்பளையும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குதுக. என்ன சென்மமோ."

மச்சான் அதைக் காதில் வாங்கவில்லை. "நல்லா அழுடி தங்கம். இன்னுங் கொஞ்சம் அழு. மிச்சரு கெடையாது, ஒனக்கு ஒண்ணுங் கெடையாது" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவள் அவர்மேல் வந்த கோபத்தில் குரலை உயர்த்தினாள். வார்டின் அந்தக் கோடியிலிருந்து நர்ஸ் விறுவிறுவென்று வந்தார்.

"யாருங்க புள்ளைய இப்படி அழ விடுறது?"

மச்சான் நிமிர்ந்து நின்று கையைத் தூக்கினார்.

"நான்தாங்க" என்றார்.